சைலென்சர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

புத்தம் புதிய இரும்புக் குழாய் ஒன்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி நான் முற்றத்து மணலில் குந்தியிருந்தேன். குழாயின் ஒரு முனை ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளின் எஞ்சினோடு முட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் என் மருமகன் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தார். எங்களுக்கு நடுவே ஒரு முழம்கூட இராது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“இது இன்னும் ஒரு விரக்கடை மேல வந்தா போல்ட் பூரும்,” என்றார் மருமகன், எஞ்சினிடம்.

“கறுப்பி, வந்திட்டு எண்டு சொல்லு,” என்றேன் நான், முருங்கையில் கட்டியிருந்த ஆட்டிடம்.

ஆடு ஒன்றும் சொல்லவில்லை. போல்ட் பூந்தது.

போன கிழமை இந்தப் பத்திரிகையில், சுனாமியாகக் கடல் வந்த காலையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதை வாசித்துவிட்டு இரண்டு பெண்கள் பஸ் பிடித்து வீட்டுக்கே வந்து அழுதுவிட்டுப் போனார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இந்தக் கிழமை யாரும் அப்படிச் சிரமப்பட வேண்டாம். இது மோட்டார் சைக்கிளுக்குச் சைலென்சர் மாற்றிய கதை.

ஒரே வீட்டில் இருப்பதால்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே மாமியும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே காலம் தள்ள வேண்டும். அதற்காகவே முந்தின ஆட்கள் இன்னொரு வழக்கத்தையும் வைத்தார்கள். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை.

அவர் முன்வாசலால் வந்தால் நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போவேன். ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால் ஆட்டிடம் சொல்வேன், ஆடு மேயப் போயிருந்தால் கோழியிடம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், வாடகைக்கு இருந்த ஒரு டீச்சர், “ஒரே வீட்டில இருந்துகொண்டு எப்பிடி அம்மா கதைக்காமல் இருக்கிறது?” என்று என்னிடம் கேட்டாள். ஒரே வீட்டில் இருப்பதால்தான். வேறு வேறு வீட்டில் இருந்தால் கதைக்கலாம், பாதகமில்லை.

இப்போது பலர் இதை விட்டுவிட்டார்கள். “மகன், சாப்பிட வாங்க” என்று மாமிமார் நேரே கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். நான் விடவில்லை. மருமகனின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. பழுகாமத்துக்காரர், டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை என்றால் போதும்.

இந்த வழக்கத்தில் இன்னொரு கூறு இருக்கிறது. பெண்சாதி வீட்டுக்கு வந்த ஆண் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்ப் படுத்தால், அது சண்டை இல்லை, முடிவு. ஊர் அதை முடிவென்றே எடுத்துக்கொள்ளும். பெட்டி போனால் கலியாணமும் போனது. பிறகு எவர் போய்க் கூப்பிட்டாலும் திரும்பி வருவது அந்த ஆணுக்கும் வெட்கம், கூப்பிட்ட வீட்டுக்கும் வெட்கம்.

சிவப்பு பைக்

நாட்டுச் சண்டை முடிந்து பாதையெல்லாம் திறந்த பிறகு எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்தது பஸ். அடுத்தது தவணைக்குக் கடன் கொடுக்கிற லீசிங்காரர்கள். அதற்குப் பிறகு கூட்டங்கூட்டமாகப் பைக். அதுவரை சைக்கிளில் போனவனெல்லாம் பைக்கில் போனான்.

மருமகனுடைய பைக் அவருடைய தமையன் கட்டாரிலிருந்து வந்து நின்றபோது வாங்கிக் கொடுத்தது. பழையதுதான், ஆனால் ரேஸ் ஓடுகிற சாதி. கொட்டப்போகும் குளவி பின்பக்கத்தைத் தூக்குமே, அப்படித் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவரின் தலைக்கு மேலால் ஊர் பார்க்கலாம். என்னை ஒருமுறை கோயிலுக்கு ஏற்றிப்போவதாக மகள் மூலம் சொல்லியனுப்பினார். நான் நடந்து போவதாக மகள் மூலம் சொல்லியனுப்பினேன்.

ஒவ்வொரு பின்னேரமும் அவர் டவுனிலிருந்து வாவிமேல் போட்ட இரும்புப் பாலத்தால் வருவார். வந்து படலையில், வேலி வாசலில், பைக்கை நிறுத்துவார். நிறுத்தும்போது என் மகள் யோகா வீட்டின் முன்பக்கத்தில் இருக்கமாட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாலும் சுளகை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அவர் சப்பாத்தைக் கழற்றிக் கைகால் கழுவிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். கலியாணம் முடிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார். “நான் வாற நேரம் பாத்து எங்க போற நீ?”

“தண்ணி அள்ள.”

“ஒவ்வொரு நாளும் நான் வாற நேரத்திலயா தண்ணி முடியிற?”

யோகா சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். உண்மையைச் சொன்னால் அது பழுகாமத்துக்குப் போகும். பயந்த பிள்ளையை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அங்கே நாலு பேர் கதைப்பார்கள். அவளுக்கும் என்னைப் போலத்தான், கழுத்து வளையாது.

பிடிக்காத ஆளைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஒரு சனிக்கிழமை அவருடைய பை துணியெல்லாம் அடைத்தபடி சுவரோரம் நின்றது. மறுநாள் பழுகாமத்துக்குப் போவதாகச் சொன்னார். திரும்பி வரும் நாளைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை யோகாவுக்குக் களுவாஞ்சிக்குடியில் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியச் சடங்கு, போகாமல் இருக்க முடியாத சொந்தம். புறப்படும்போது பையைப் பார்த்தாள். “பின்னேரம் வந்திருவன்,” என்று பையிடம் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அவர் உடனே புறப்படவில்லை. காத்தான்குடிக் கடையொன்றில் சொல்லிவைத்து வாங்கிய சைலென்சர் பெட்டிக்குள் கிடந்தது. அதைப் பூட்டிக்கொண்டு போவதென்று இருந்தார். போகிறவர் சத்தமில்லாமல் போகக்கூடாதென்று நினைத்தாரோ என்னவோ.

அது நான் சொன்னதால் வந்தது

அந்தச் சைலென்சருக்கு நானும் ஒரு காரணம்.

கொஞ்ச நாளுக்கு முன் அவர் கேட்கும்படியாக ஆட்டிடம் சொல்லியிருந்தேன்: “இந்த ரோட்டால போற பைக்கெல்லாம் ஒரே சத்தம், கறுப்பி. வாறது வீட்டு ஆளோ வேற ஆளோ எண்டு எப்பிடித் தெரியும்?” இதற்கு மேல் விளக்கமாக ஒரு மாமி சொல்லமுடியாது. சந்தியிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வந்தால் பிள்ளை ஓடமாட்டாள் என்பது என் எண்ணம்.

அவருக்கு அது பைக்குக்குச் சொன்ன குறையாகப் பட்டது. அடுத்த நாளே போய் வேறு சத்தத்துக்குச் சொல்லிவைத்துவிட்டார். நேரே கதைக்கிறவர்கள் வீட்டில் இப்படி நடக்காது என்று அந்த டீச்சர் சொல்லக்கூடும். நேரே கதைக்கிறவர்கள் வீட்டில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதும் ஒழுங்கைக்குக் கேட்கிறதுதானே.

மூன்று கை வேண்டிய வேலை

சிநேகிதர்களைக் கூப்பிட்டால் பையைப் பற்றிக் கேட்பார்கள். அதனால் தனியே தொடங்கினார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சைலென்சர் துரு ஏறிப் பிடித்திருந்தது. போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார், தட்டினார், ஏசினார், பிறகு அது கழன்றது. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் எழுத்தெல்லாம் ஜப்பான். அந்தத் தாளுக்கு முன்னால் அவருக்கும் எனக்கும் ஒரே படிப்புத்தான். படங்கள் இருந்தன. படத்தில் குழாயை ஒரு கை பிடித்திருந்தது, இன்னொரு கை போல்ட் பூட்டியது, மூன்றாவது கை பின்பக்கத்தைத் தாங்கியது. மருமகனுக்கு இரண்டு.

குழாய் கைதவறி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. கடைசியில் அவர் எழும்பிப் பையைத் திரும்பிப் பார்த்தார். சைலென்சரே இல்லாமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பட்டது. சேலையைச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

எனக்கு இது புதிதில்லை. என் புருஷன் பைக்கில் மீன்பெட்டி கட்டி வாவிக்கு அங்காலே படுவான்கரைப் பக்கமெல்லாம் மீன் விற்றவர். அந்தப் பைக்கை அவர் கழற்றும்போதெல்லாம் பிடிப்பது நான். கடல் வந்தபோது அவரும் போனார், கடற்கரையிலிருந்த வீடும் போனது. பைக்கை மட்டும் வாவியோரக் கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள். சரித்துப் பார்த்தபோது சைலென்சருக்குள்ளிருந்து ஒரு நண்டு இறங்கிப் போனது. இரும்புக்காரன் அதையும் நிறுத்துத்தான் கொண்டுபோனான், நண்டில்லாமல்.

அதற்குப் பிறகுதான் வாவிப் பக்கமாக இந்த வீடு கட்டித் தந்தார்கள். நிலாக் காலத்தில் இந்த வாவியில் மீன் பாடும் என்று வெளிநாட்டுக்காரர்களைத் தோணியில் ஏற்றிப்போகிறார்கள். நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் பாடவில்லை.

சரி. குழாயைப் பிடித்தேன். எஞ்சின் பக்கத்து போல்ட்டெல்லாம் பூந்தது. அடுத்தது ஸ்பிரிங். குழாயையும் சைலென்சரையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கிற சின்ன ஸ்பிரிங், விரலால் இழுத்தால் வராது. குறட்டால் இழுத்தார், அது தெறித்துக் கோழிக்கூட்டுக்குள் போனது. வலை முடிகிற நைலோன் நூலில் ஒரு துண்டைக் கொண்டுவந்து ஆட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்து ஸ்பிரிங்கில் கோத்து இழுத்தார். கொளுவியது.

“நல்ல நூல்,” என்று எஞ்சினிடம் சொன்னார்.

இனி எல்லா போல்ட்டையும் இறுக்குவதுதான் மிச்சம். இறுக்கி முடிந்தால் அவர் போய்விடுவார். அவர் போவதற்கான குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

ஆட்டுக்குச் சொன்னது

அவர் ஸ்பெனரைக் கொளுவியதும் நான் தொடங்கினேன்.

“கறுப்பி, கேட்டுக்க. சண்டைக் காலம், அந்தக் கடற்கர வீடு. அண்டைக்கும் பின்னேரம்தான். படலையில ஒரு பைக் வந்து நிண்ட. தகப்பன் மீன் வித்திட்டு வாறார் எண்டு நினைச்சுப் புள்ளதான் ஓடிப்போய்த் திறந்தவள்.”

ஸ்பெனர் கொஞ்சம் மெதுவானது.

“பாத்தா வேற ரெண்டு பேர். தண்ணி கேட்டாங்க. குடுத்தவள். குடிச்சிட்டு மறுகா, தமையனக் கூப்பிடு, கதைச்சுப்போட்டு விடுறம் எண்டாங்க. அவளே உள்ளுக்குப் போய்க் கையில பிடிச்சுக் கூட்டி வந்தவள்.”

யோகாவுக்கு ஒரு தமையன் இருந்தான் என்பது மருமகனுக்குத் தெரியும். படம் சுவரில் இருக்கிறது. காணாமல் போனவன் என்பதும் தெரியும். அவனை யார் கூப்பிட்டுக் கொடுத்தது என்பது தெரியாது. வந்தவர்கள் எவர் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

“சண்டை முடிஞ்ச எண்டு ரேடியோவில சொன்னாங்க, கறுப்பி. அவள்ட காலுக்கு ஆரும் சொல்லல்ல. படலையில பைக் நிண்டா அது கிணத்தடிக்குப் போகுது. வாற ஆள்ல அவளுக்கு ஒரு குறையுமில்ல.”

அந்தப் பக்கம் ஸ்பெனர் நின்றுவிட்டது. எனக்குக் கை உளைந்தது. குழாயை விடவில்லை. விட்டால் அவர் முகத்தில் விழும், பிறகு கதையே வேறு.

“அப்ப,” என்றார் எஞ்சினிடம், “என்னக் கண்டு ஒளிக்கயில்லையா?”

“ஆரு எண்டு தெரியாததுக்கு ஒளிக்கிறாள் எண்டு சொல்லு, கறுப்பி. தெரிஞ்சா ஏன் ஒளிக்கிற?”

ஸ்பெனர் மறுபடி கிறுகத் தொடங்கியது. ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார், அவசரமில்லாமல். இறுக்கி முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் குழாயைத் துடைத்தார். கை அடையாளத்தோடு சூடாக்கினால் அடையாளம் அதிலேயே வெந்துபோகுமாம், தாளில் படம் இருந்தது. என் கையில் காலையில் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய். துடைத்தும் போகவில்லை. நாலு விரலும் பழுப்பு நிறமாக அதில் கடைசிவரை நின்றன.

சந்தியில் எந்தப் பக்கம்

பிறகு அதை ஸ்டார்ட் செய்தார்.

முதலில் ஒரு வெடி. அடுத்தது வெள்ளைப் புகை. அதற்குப் பிறகு, எப்படிச் சொல்வது, நெல் மில்லுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. வேலிக்கு அங்காலே எனக்கு மச்சான் முறையான கந்தப்பர் இருக்கிறார். அவர் பழைய பழக்கத்தில் நிலத்தோடு நிலமாகப் படுத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்துத் தலையைத் தூக்கினார்.

“மச்சாள், என்ன கா அது? கண்ணிவெடியா?”

“சைலென்சர்.”

“சைலென்சர் எண்டா சத்தத்தக் குறைக்கிற சாமான்தானே?”

“இது அந்த வகையில்ல.”

“இதப் போய் ஆரு பூட்டின?”

“நானும் கூடத்தான்.”

கந்தப்பர் எழும்பிச் சாரத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மருமகன் எஞ்சினை நிறுத்தாமலே உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து முதுகில் மாட்டினார். முருங்கைப் பக்கம் பார்த்தார். ஆடு அங்கே இல்லை. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

எங்கள் ஒழுங்கை பெரிய ரோட்டில் போய் ஏறும். இடப்பக்கம் திரும்பினால் பாலமும் டவுனும். வலப்பக்கம் திரும்பினால் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, அங்காலே ஆறு கடந்து பழுகாமம். முன்பென்றால் சந்தியோடு சத்தம் மற்றச் சத்தங்களோடு கலந்துவிடும், எவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. இப்போது ஒரு மறைவும் இல்லை. படலையில் நின்றபடியே கேட்டேன். வலப்பக்கம் திரும்பியது. போய்க்கொண்டே இருந்தது. நெடுநேரம் கேட்டது, அதுதான் கொடுமை. பிறகு இல்லை.

நான் ஆட்டைத் தேடிப் பிடித்துக் கட்டினேன். உலை வைத்தேன். மூன்று பேருக்குத்தான் போட்டேன். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிக் காலையில் சாப்பிடலாம்.

வெயில் தாழ்கிற நேரத்தில் வேலிக்கு அங்காலிருந்து கந்தப்பர்தான் முதலில் சொன்னார்.

“மச்சாள், உங்கட இடி வருகுது.”

ஓம். களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து வந்தது. ஒழுங்கைக்குள் இறங்கியது. பைக்கில் இரண்டு பேர். பின்னால் யோகா, சடங்குக்குக் கட்டிய சேலையோடு, மருமகனின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு. பை அவளுடைய முதுகில்.

இறங்கியதும், “அம்மா, காது கூவுது,” என்றாள்.

பழுகாமத்துக்குப் புறப்பட்டவர் வழியில் சடங்கு வீட்டுப் படலையில் பைக்கை நிறுத்தி ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே நின்ற பெண்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்களாம். வரும் வழியில் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கதைத்திருக்கவும் முடியாது.

மருமகன் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். “பசிக்குது,” என்று கதவு நிலையிடம் சொன்னார். நான் குசினிக்குள் போனேன்.

அந்தச் சைலென்சரால் பிறகு வந்த வில்லங்கங்கள் கொஞ்சமில்லை. பொலிசார் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் பரிபாலனசபையார் வந்து, திருக்கதவு திறந்திருக்கும் நாளெல்லாம் ஒழுங்கைக்குள் உருட்டிக்கொண்டு வரும்படி கேட்டார்கள். உருட்டினார். ஆனால் நான் சொல்லவந்தது அவர் திரும்பி வந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமைப் பின்னேரத்தை.

யோகா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன். ரோட்டால் ஒரு பைக் போனது. அவளுடைய கை நின்றது. அது போய்விட்டது, கை மறுபடி வெட்டியது. இன்னொன்று போனது. நான் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாவிக்கு மேலால் தூரத்தில் அது கேட்டது. தண்ணீர்மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு வரும். பாலத்து இரும்பெல்லாம் சேர்ந்து அதிர்வதும் கேட்டது.

“பாலத்தில ஏறிட்டார்,” என்றாள் யோகா. சொன்னது என்னிடமில்லை, மீனிடம். அரிவாளைச் சரித்து வைத்துவிட்டு எழும்பினாள். “இதக் கொஞ்சம் பாருங்கம்மா, பூனை வரும்.”

கிணற்றடிக்குப் போனாள். நான் துருவலை விட்டு எழும்பினேன். அவள் கையை மட்டும் கழுவிவிட்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கம் நடந்தாள்.

நான் பூனையைப் பார்க்காமல் யன்னலால் பார்த்தேன். அவள் படலையை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தாள். சத்தம் ஒழுங்கைக்குள் இறங்கிக் கந்தப்பரின் கூரைத் தகரத்தையெல்லாம் ஆட்டிக்கொண்டு வந்தது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். காலை எடுக்கவில்லை.